வேலை செய்துகொண்டே படிப்பது எப்படி: திருகோணமலை ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

மூன்று வருடப் பயிற்சி முடிந்து, நியமனக் கடிதத்தோடு வாட்டுக்குள் வரும் நாளிலிருந்து உங்களுக்கென்று பாட அட்டவணை போட்டுத் தர யாரும் இல்லை. சிஸ்டருக்கு ரோஸ்டரை நிரப்பும் கவலை, டொக்டர்மாருக்கு ரவுண்ட் முடிக்கும் கவலை. ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கு நீங்கள் புதியவரா பழையவரா என்று தெரியாது. அவருக்கு நீங்கள் மிஸ்ஸி. அவ்வளவுதான்.

எதைப் படிப்பது, எங்கே தேடுவது, எந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்பதையெல்லாம் நான் ஒவ்வொருவராகக் கேட்டு, பல இடங்களில் திரும்பி வந்து, துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் எவரும் இல்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கும் புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் ஏதாவது கோர்ஸில் சேர்வதைத்தான் படிப்பின் தொடக்கமாக நினைக்கிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. வாட்டில் எழும் கேள்வி முதலில், கோர்ஸ் கடைசியில். அதனால்தான் பட்டப்படிப்பு இந்தக் கட்டுரையின் இறுதிப் படியாக வருகிறது.

1. முதல் மாதம் கேள்விகளை மட்டும் சேருங்கள்

சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கொப்பி ஒன்று வாங்குங்கள். டியூட்டியில் உங்களுக்கு விளங்காத எதையும் அந்த இடத்திலேயே ஒரு வரியில் எழுதுங்கள். பதில் தேட வேண்டாம். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் ஏழு மணிக்குள் மறந்துவிடும்.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "டெங்கு" என்று எழுதினால் அது கேள்வியே இல்லை, ஒரு புத்தகம். "டெங்குப் பிள்ளைக்கு பிரஷர் சரியாக இருக்கும்போதும் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை ஏன் கேட்கிறார்கள்?" என்று எழுதினால் அது ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய கேள்வி. "சலம் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு இறங்கினால் டொக்டரைக் கூப்பிட வேண்டும்?" என்பதும் அப்படித்தான்.

மாத முடிவில் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். தெரியாமல் இருந்தால் நோயாளிக்கு ஆபத்து வரக்கூடியது எது, அடிக்கடி எதிர்ப்படுவது எது, வெறும் ஆவலால் எழுந்தது எது. ஆபத்தானவை முதலில். மருந்துக் கணக்கு, இரத்தம் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை, மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளியை முன்கூட்டியே கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் எந்த வாட்டில் இருந்தாலும் அந்தப் பட்டியலின் தலையில் வரும்.

2. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம்

இப்போது பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ஐந்து வரிகள் எழுதுங்கள்: என் கேள்வி என்ன, எங்கே தேடப்போகிறேன், எந்தத் திகதிக்குள் முடிப்பேன், எனக்கு விளங்கிவிட்டது என்பதை எதைக் கொண்டு காட்டுவேன், யார் அதைப் பார்த்துச் சரி சொல்வார்.

முதியோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் இதைக் கற்றல் ஒப்பந்தம் என்றார். பெயர் எதுவானாலும், கடைசி இரண்டு வரிகள்தான் உயிர். "விளங்கிவிட்டது" என்று நாமே நினைப்பதை நம்பக்கூடாது. "50 கிலோ எடையுள்ள டெங்கு நோயாளிக்கான தண்ணீர்க் கணக்கை உதவியில்லாமல் போட்டு ஹவுஸ் ஒஃபிசரிடம் (வாட்டின் இளநிலை டொக்டரிடம்) காட்டுவேன்" என்று எழுதினால் அது சோதிக்கக்கூடியது. சரிபார்ப்பவர் சிஸ்டராகவோ, மூத்த தாதியாகவோ, மருந்தகத்தில் இருக்கும் மருந்தாளராகவோ இருக்கலாம். அவரிடம் முன்கூட்டியே கேட்டு, முடிந்ததும் திகதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். ஆர்வமாகக் கேட்கும் இளையவரை விரட்டிய மூத்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

3. எங்கே தேடுவது, எந்த வரிசையில்

வரிசை முக்கியம். கூகுளில் தொடங்க வேண்டாம்.

முதலில் உங்கள் வாட்டில் ஒட்டியிருக்கும் அல்லது கோப்பில் இருக்கும் நடைமுறைக் குறிப்புகள். அடுத்து சுகாதார அமைச்சின் தேசிய வழிகாட்டல்கள். தொற்றுநோயியல் பிரிவின் இணையத்தளத்தில் டெங்கு உட்படப் பல நோய்களுக்கான வழிகாட்டல்கள் இலவசமாகக் கிடைக்கும். அதே தளத்தில் வாரந்தோறும் வரும் அறிக்கையில் மாவட்டவாரியாக நோயாளர் எண்ணிக்கை இருக்கும். திருகோணமலை வரியை மட்டும் ஒவ்வொரு வாரமும் பாருங்கள், அடுத்த சில வாரங்களில் உங்கள் வாட்டுக்கு என்ன வரப்போகிறது என்பது பிடிபடும். மகப்பேற்றுப் பகுதியில் இருப்பவர்கள் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வெளியீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது, மனிதர்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி, மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன் மருத்துவர் எல்லாரும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். இரத்த மாதிரி ஏன் உறைந்துபோய்த் திரும்பி வந்தது என்பதை ஆய்வுகூடத்தில் பத்து நிமிடம் நின்று கேட்டால், எந்தப் புத்தகமும் சொல்லாத விடயங்கள் கிடைக்கும்.

நான்காவதாகப் பாடநூல். ஆங்கிலத்தில் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் மருந்தியல், மருத்துவ-சத்திரசிகிச்சைத் தாதியியல் உட்படத் தாதியருக்கான பாடநூல்கள் இலவசமாக உள்ளன. பி.டி.எஃப். ஆக இறக்கி போனில் வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக் கட்டுரைகளுக்கு பப்மெட் சென்ட்ரல், இலங்கைக் கட்டுரைகளுக்கு ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன், இரண்டும் இலவசம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனத்தின் எளிய மொழிச் சுருக்கங்கள் சில தமிழிலும் இருக்கின்றன. ஆங்கிலம் தடுக்கும்போது அவற்றை முதலில் வாசித்துவிட்டு மூலத்துக்குப் போவது நல்ல வழி.

இங்கே கவனிக்க வேண்டிய பொறிகள் உண்டு. வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள மருந்தின் செறிவும் நம் கையில் இருக்கும் அம்பியூலின் செறிவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அம்பியூலில் அச்சிட்டிருப்பதை வாசித்துத்தான் கணக்குப் போட வேண்டும். சேலைன் செட்டும் அப்படித்தான். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட்டில் 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் கொடுக்க நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. 15 துளி செட்டாக இருந்தால் 31 துளி. உறையைப் பார்க்காமல் மனப்பாடக் கணக்கைப் போட்டால் நோயாளிக்குப் போகும் அளவு மாறிவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் "மிஸ்ஸிமார் கட்டாயம் அறிய வேண்டியவை" வகைப் படங்களை மூலமாகக் கொள்ளவே கூடாது. யார் எழுதியது, எந்த வருடம், எந்த நாட்டு வழிகாட்டல் என்ற மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அதைக் கொப்பியில் ஏற்றாதீர்கள்.

4. ஒரு கேள்வியை முழுதாகச் செய்து பார்ப்போம்

டெங்கையே எடுத்துக்கொள்வோம். 2017 இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை இந்த மாவட்டத்தில் வேலை செய்கிற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கு வடகீழ்ப் பருவமழை தொடங்கி மார்கழி, தை வரை காய்ச்சல் வாட் நிரம்பும். ஆகவே இந்தக் கேள்வியை ஒக்டோபரிலேயே முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: டெங்கின் ஆபத்தான கட்டத்தில் தண்ணீரை ஏன் அளந்து கொடுக்கிறோம்? அந்த அளவு எங்கிருந்து வருகிறது?

தேசிய வழிகாட்டலைத் திறந்தால் முதலில் காரணம் கிடைக்கிறது. டெங்கு இரத்தப்போக்குக் காய்ச்சலில் 24 முதல் 48 மணித்தியாலம் வரை இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. குறைவாகக் கொடுத்தால் உடலுக்கு இரத்த ஓட்டம் போதாமல் நோயாளி அதிர்ச்சி நிலைக்கு (ஷொக்) போவார். கூடுதலாகக் கொடுத்தால் கசிந்த நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்ந்து, பிறகு அது குழாய்களுக்குள் திரும்பும்போது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும். இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால்தான் அளவு.

அந்தக் கட்டத்துக்கான மொத்த அளவு, சாதாரணமாக ஒரு நாளுக்குத் தேவையான பராமரிப்பு நீரும் உடல் எடையின் 5 வீதமும் சேர்ந்தது. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போடுங்கள். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, மிச்ச 30 கிலோவுக்கு 20. ஆக 1000, 500, 600. கூட்டினால் 2100. இதோடு 5 வீதம், அதாவது கிலோவுக்கு 50 மில்லிலீற்றராக 2500. மொத்தம் 4600 மில்லிலீற்றர். பெரியவர்களுக்கு 50 கிலோவுக்கு மேல் எடை இருந்தாலும் 50 ஆகவே கணக்கிடுவதால்தான் வாட்டில் எல்லார் வாயிலும் 4600 என்ற எண் வருகிறது. 20 கிலோப் பிள்ளைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: 1500 உம் 1000 உம், 2500 வர வேண்டும்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, இந்த அளவுக்குள் வாயால் குடிப்பதும் அடக்கம். அம்மா அன்பாகப் பருக்கிய இளநீரும் தோடம்பழச் சாறும் சார்ட்டில் ஏறவில்லையென்றால் கணக்கு முழுவதும் பொய். ஆகவே பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமோ உம்மாவிடமோ ஒரு கோப்பையைக் காட்டி, "இதால அளந்து குடுங்கோ, குடுத்த உடனே எனக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லி வைப்பதும் சிகிச்சைதான். இரண்டாவது, 4600 ஐ 48 ஆல் வகுத்து ஒரே வேகத்தில் ஓட்டுவதில்லை. கசிவு கூடும்போது கூட்டி, குறையும்போது குறைத்து, டொக்டர் மணிக்கு மணி முடிவெடுக்கிறார். அவர் எடுக்கும் முடிவு நீங்கள் எழுதும் எண்களில் நிற்கிறது.

அந்த எண்கள் எவை? நாடித் துடிப்பு, பிரஷர், நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எடுக்கும் நேரம், கை கால் சூடு, சலத்தின் அளவு. பிரஷர் 100/80 என்றால் மேல் எண் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் இடைவெளி 20 தான். அது அதிர்ச்சியின் எச்சரிக்கை. நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுத்தாலும் அப்படியே. சலம் கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மில்லிலீற்றர் வரை, அதாவது 50 கிலோ ஆளுக்கு 25 முதல் 50 வரை. ஹீமட்டோக்கிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தொடக்கத்தில் 35 ஆக இருந்து 42 ஆனால் அது 20 வீத ஏற்றம், கசிவைக் காட்டுவது.

இப்போது முதலில் எழுதிய கேள்விக்கு ஒரு பக்கத்தில் விடை வந்துவிட்டது. கணக்கை மூடி வைத்துவிட்டு இன்னொரு எடைக்குப் போட்டு, ஹவுஸ் ஒஃபிசரிடம் காட்டுங்கள். கணக்குத் தெரிந்ததற்காகச் சேலைன் வேகத்தை நீங்களே மாற்றக்கூடாது. அது டொக்டரின் உத்தரவு. ஆனால் உத்தரவில் எண் பிசகியிருந்தால் கண்ணில் படும், இடைவெளி சுருங்கும்போது யாரும் சொல்லாமலே போனை எடுப்பீர்கள். படித்ததன் பயன் அங்கேதான் இருக்கிறது.

5. ரோஸ்டருக்குள் நேரம் கண்டுபிடிப்பது

காலை 7 முதல் 1 வரை, பின்னேரம் 1 முதல் 7 வரை, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை. இந்த மூன்றிலும் படிக்கும் நேரம் வெவ்வேறு.

பின்னேர டியூட்டி உள்ள நாளின் காலைதான் மிகச் சிறந்தது. தூங்கி எழுந்த தலை, வீட்டு வேலை முடிந்து 9 மணியிலிருந்து ஒரு மணித்தியாலம். கணக்கு, மருந்தியல் போன்ற கடினமானவற்றை அங்கே வையுங்கள். காலை டியூட்டி நாளில் சாப்பிட்டுச் சற்றுப் படுத்து எழுந்த பிறகு, ஏற்கெனவே வாசித்ததை மீட்டுப் பார்க்க மட்டும். நைட் முடித்து வந்த காலையில் எதையும் படிக்காதீர்கள். படித்தது நிற்காது, வீதியில் போவதற்கே கண் சொருகும். தூங்குங்கள். நைட்டில் வாட் அமைதியாக இருந்தாலும் புத்தகம் திறக்க வேண்டாம், அந்த நேரம் நோயாளியைச் சுற்றிப் பார்க்க வேண்டிய நேரம். கேள்வி எழுதும் சின்னக் கொப்பி மட்டும் போதும்.

கிண்ணியாப் பாலம் தாண்டியோ நிலாவெளியிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வருகிறவர்கள், தாங்களே தங்கள் குரலில் பதிவுசெய்த குறிப்பைக் காதில் போட்டுக் கேட்கலாம். நன்றாக வேலை செய்யும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தினம் ஒரு மணித்தியாலம் என்று திட்டம் போட்டு மனம் உடைய வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவை 40 நிமிடம், அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார் என்று கணவரிடமோ அம்மாவிடமோ பேசி முடிவு செய்தது, அவ்வளவு போதும். ஒரு வருடத்தில் அது ஒரு தடித்த கொப்பியாகிவிடும்.

ரோஸ்டர் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. வகுப்போ பரீட்சையோ இருக்கும் நாட்களைச் சிஸ்டர் ரோஸ்டர் எழுதுவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். எழுதிய பிறகு கேட்டால், உங்களுக்காக இன்னொருவர் நைட் பார்க்க வேண்டி வரும், அதை அவர் மறக்க மாட்டார். லீவையும் பத்திரமாக வையுங்கள். அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு 21 கஷுவல் லீவும் 24 வெக்கேஷன் லீவும் உண்டு. முதல் வருடத்தில் முழுதாகக் கிடைக்காது, உங்கள் கணக்கு எத்தனை என்று அலுவலகத்தில் லீவுப் பதிவு பார்ப்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பதற்காக லீவு எடுக்காதீர்கள், பரீட்சைக்கு வேண்டும்.

6. கை வேலையைத் தனியாகப் பழகாதீர்கள்

நெஞ்சை அழுத்தும்போது 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. இதை வாசித்து ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்யலாம். ஆனால் 5 சென்ரிமீற்றர் என்பது எவ்வளவு பலம் என்று பயிற்சிப் பொம்மையில் அழுத்திப் பார்க்காமல் கைக்குத் தெரியவே தெரியாது. நான்கைந்து பேராகச் சேர்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் சிஸ்டரிடமோ மயக்க மருந்துப் பிரிவிலோ கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், குழுவாகப் போனால் திகதி தருவார்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு நேராக நோயாளியில் செய்து பார்ப்பது கூடவே கூடாது. முதலில் மூத்தவர் செய்வதைப் பாருங்கள், பிறகு உதவியாக நில்லுங்கள், பிறகு அவர் பக்கத்தில் நிற்க நீங்கள் செய்யுங்கள். மூன்றுக்கும் திகதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படித்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்குப் பகல் 1 மணிக் கையளிப்புதான் சரியான நேரம். இரண்டு ஷிப்ட்டும் ஒன்றாக நிற்கும். சிஸ்டரின் அனுமதியோடு வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம், ஒரே கேள்வி, ஒரே பக்கம். தமிழும் சிங்களமும் கலந்த வாட்டில் ஒருவர் விளக்க மற்றவர் மொழிபெயர்க்க வேண்டி வரும். அதில் உங்கள் சிங்களமும் அவர்களின் தமிழும் சேர்ந்தே வளரும். இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி எப்படியும் சேவைக்குத் தேவை என்பதால் அதுவும் படிப்புக் கணக்கில்தான்.

7. செலவு எவ்வளவு வரும்

முதல் வருடத்துக்கு மிகக் குறைவு: இரண்டு கொப்பி, போட்டோக்கொப்பி, போன் டேட்டா. உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகான தனி டேட்டா இருந்தால் பெரிய பி.டி.எஃப். களை அப்போது இறக்குங்கள். முழுப் புத்தகத்தையும் அச்செடுக்காதீர்கள், அந்தக் கேள்விக்கு வேண்டிய பக்கங்கள் மட்டும்.

ஒன்லைன் கோர்ஸ்களில் படிப்பு இலவசமாகவும் சான்றிதழ் மட்டும் டொலரிலும் இருப்பது வழக்கம். அந்தச் சான்றிதழ் உங்கள் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கப்படுமா என்று அலுவலகத்தில் கேட்காமல் காசு கட்டாதீர்கள். வாரக் கடைசியில் வகுப்பு வைத்து "சர்வதேச டிப்ளோமா" என்று விற்கும் தனியார் இடங்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். கூட வேலை செய்தவர்கள் தவணை தவணையாகக் கட்டி வாங்கி வந்த சான்றிதழ், விண்ணப்பம் ஒன்றோடு இணைத்தபோது ஏற்கப்படாமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அதைத் தரும் நிறுவனம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவாலோ மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவாலோ ஏற்கப்பட்டதா என்பதை நீங்களே அந்த ஆணைக்குழுவின் பட்டியலில் பார்க்க வேண்டும். நிறுவனம் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

8. கோப்பை இன்றே தொடங்குங்கள்

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரம் ஆவணம் தேடி ஓடுவதுதான் நம்மில் பலரைப் பின்தள்ளுகிறது. படிக்கத் தயாராக இருந்தும் ஒரு கடிதம் இல்லாமல் ஒரு வருடம் போய்விடும். இப்போதே ஒரு கோப்பில் இவற்றைச் சேருங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டைப் பிரதி, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், தாதியர் டிப்ளோமாச் சான்றிதழ், தாதியர் பதிவுச் சான்றிதழ், நியமனக் கடிதம், சேவையில் உறுதிப்படுத்திய கடிதம், வினைத்திறன் தடைப் பரீட்சைப் பெறுபேறு.

நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டையில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், உயர்தரச் சான்றிதழில் இன்னொன்று, தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக, மற்றதில் முதலெழுத்தாக. எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து ஒன்லைனில் எடுக்கலாம், பத்தரமுல்லைக்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் கற்றல் கொப்பியும் இந்தக் கோப்பின் ஒரு பகுதி. அதில் நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், ஊர் எதுவும் இருக்கக்கூடாது. "சுமார் 8 வயதுப் பிள்ளை" என்றால் போதும். பெட் ஹெட் டிக்கெட்டை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் உள்ள ஏட்டை) போனில் படம் எடுக்கவே கூடாது, படிப்பதற்காக என்றாலும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனிப்புக்குரிய தரவாக வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கூட, இந்தச் சின்ன ஊரில் யாருடைய பிள்ளை எந்த வாட்டில் இருந்தது என்பது ஒரு படத்தால் முழு ஊருக்கும் தெரிந்துவிடும்.

9. பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது

ஒரு வருடம் இப்படிக் கேள்விகளோடு படித்த பிறகு, எந்தத் துறையில் உங்கள் கேள்விகள் குவிகின்றன என்பது கொப்பியைப் பார்த்தாலே தெரியும். அதன்பின் பாதையைத் தேர்வது இலகு. தீவிர சிகிச்சை, வாட் நிர்வாகம் போன்றவற்றுக்குக் கொழும்பில் உள்ள போஸ்ட் பேசிக் தாதியர் கல்லூரி. வேலையை விடாமல் பட்டம் வேண்டுமென்றால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் இளமாணிப் பட்டம். டிப்ளோமா முடித்துப் பதிவுபெற்ற தாதியருக்கான படிப்பு, ஆங்கில மொழிமூலம். தலைமையகம் நாவலயில், பிராந்திய நிலையம் ஒன்று மட்டக்களப்பில்.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை: இந்த வருடக் கட்டணம் எவ்வளவு, தவணையாகக் கட்டலாமா, எந்த வகுப்புகள் மட்டக்களப்பில் நடக்கும், எவற்றுக்கு நாவல போக வேண்டும், செய்முறை நாட்கள் எத்தனை. கட்டணத்தை விடப் போக்குவரத்துத்தான் பலரைக் கவிழ்க்கிறது. கொழும்புக்கு இரவு ரயிலில் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம், தங்கும் செலவு மிச்சம், ஆனால் போய் வந்த மறுநாள் டியூட்டி போடாதபடி ரோஸ்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புக்கு மூதூர், வாகரை வழியாகக் கரையோர வீதி இருப்பதால் ஒரே நாளில் போய் வரலாம்.

திறந்த பல்கலைக்கழகத்தில் ஒப்படைகளிலும் தொடர் மதிப்பீட்டிலும் தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சை எழுத விடுவார்கள். ஆகவே ஒப்படைத் திகதிகள் எல்லாவற்றையும் கையில் கிடைத்த நாளே கலண்டரில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முந்தியே முடிவுத் திகதி வைத்துக்கொள்ளுங்கள். டெங்குக் காலத்தில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம் வரும்போது அந்த ஒரு வாரம் உங்களைக் காப்பாற்றும். ஆங்கிலத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். ஒரு வருடம் ஆங்கில வழிகாட்டல்களோடு மல்லுக்கட்டியவருக்கு அங்கே வரும் சொற்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பழகியிருக்கும்.

விண்ணப்பத்தை நேரடியாக அனுப்பிவிடாதீர்கள். அரச சேவையில் இருப்பதால் அனுமதி வேண்டிய இடங்களில் கடிதம் வாட் சிஸ்டர், மேட்ரன், பணிப்பாளர் என்ற வரிசையில் போக வேண்டும். கடிதத்தின் தலைப்பில் யார் ஊடாக என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஏதோ ஒரு மேசையில் தங்கிவிட்டால் அந்த முத்திரையைக் காட்டித்தான் பேச முடியும். முடிவுத் திகதிக்கு ஆகக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் கொடுங்கள், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் "மேசையில் இருக்கிறது" என்ற பதிலோடு முடிந்துவிடும். நேரில் போகும்போது இன்னொரு பிரதி கையில் இருக்கட்டும், முதலாவது காணாமற்போயிருந்தால் அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம்.